ஐந்தாவது ரக்அத்

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு கேக் வெகுநேரம் வெட்டப்படாமலே காத்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவும் மச்சானும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கேக். ஐசிங்கில் அத்தாவின் பெயர், பக்கத்தில் அம்மாவின் பெயர். தந்தையை நாங்கள் அத்தா என்றுதான் அழைப்போம். அவர்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன.

"நாங்க என்ன சின்னப் புள்ளைகளா, மெழுகுத்திரி ஊத?" என்றார் அத்தா.

"ஊத வேணாம். வெட்டுனாப் போதும்" என்றாள் அக்கா.

அம்மா கேக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணு வேணும். அதைத் தந்தாத்தான் கத்தியைத் தொடுவேன்."

எதையும் கேட்டுப் பழகாத அம்மா கேட்கிறார்! பட்டுப்புடவையா? வளையலா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இன்னைக்கு இஷாவுக்கு அவியதான் முன்னால நிக்கணும்" என்றார் அத்தாவைக் காட்டி.

அத்தாவின் முகம் மாறியது.

ஏன் மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். வீடு ராஜபாளையத்தில், அத்தாவின் ஜவுளிக்கடை ஸ்ரீவில்லிபுத்தூரில். கடையடைத்து, பஸ் பிடித்து வீடு வந்ததும் இரவுத் தொழுகையான இஷாவை அவர் முன்னால் நின்று நடத்துவார், அம்மா பின்னால். அதற்குப் பிறகுதான் சோறு. மணமான வாரத்தில் தொடங்கிய வழக்கம் இது. பின்னர் அக்கா சேர்ந்தாள், நான் சேர்ந்தேன், வரிசை நீண்டது.

சென்ற மழைக்காலத்தில் டைஃபாய்டில் படுத்தெழுந்த பிறகு, அத்தாவுக்குச் சிறு சிறு மறதிகள். இஷாவில் நான்கு ரக்அத்துகள் — நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் சுற்று ஒவ்வொன்றும் ஒரு ரக்அத். போன மாதம் மச்சான் வந்திருந்தபோது, அத்தா மூன்றாவதிலேயே தொழுகையை முடிக்க உட்கார்ந்துவிட்டார். முன்னால் நிற்பவர் தவறினால் ஆண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி நினைவூட்ட வேண்டும். பெண்கள் குரல் எழுப்பாமல் புறங்கையில் தட்ட வேண்டும். அம்மா தட்டுவதற்குள் மச்சானின் குரல் கணீரென்று எழுந்துவிட்டது. மச்சான்மீது பிழையில்லை, சட்டப்படி அது அவர் கடமை. ஆனால் புது மாப்பிள்ளையின் வாயால் திருத்தப்பட்ட மாமனாரின் நிலை?

அத்தா தொழுகையை முறையாக நிறைவு செய்தார். பிறகு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, "இனிமே அவங்கவங்க தனித்தனியாத் தொழுதுக்கிடுங்க" என்று உள்ளே போனார். அன்றிலிருந்து அவர் உள்ளறையில், அம்மா கூடத்தில். நடுவே ஒரு சுவர். எங்கள் வீட்டில் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் இரவுச் சோறு ருசிக்கவில்லை.

"மறந்து போச்சுன்னா?" என்றார் அத்தா இப்போது, மெல்ல.

"மறந்தா நான் எதுக்குப் பின்னால நிக்கேன்? இப்பத்தான் புதுசா மறக்குறீகளாக்கும்! கல்யாணமான மொத வாரத்துலயே மறந்தவருதான?"

"ஏய்... அன்னைக்கு நான் நாலாவதுலதான் உக்காந்தேன். நீதான் மூணுன்னு தட்டிட்ட!"

"மூணுதான்."

"நாலு! புதுப்பொண்ணு தட்டுதேன்னு எந்திரிச்சேன். ராசபாளையத்துல அஞ்சு ரக்அத்து இஷா தொழுத ஒரே ஆளு நான்தான். பொறவு உனக்குத் தெரியாம மறுபடியும் தொழுதேன்."

"தெரியாமயா? நான் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். சரி, நீங்களும் அப்பப் புது மாப்பிள்ளை, சங்கடப்பட வேணாம்னு பேசாம இருந்தேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் கேக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுச் செய்வதற்காகக் குழாயடிக்குப் போனார்.

கூடத்தில் விரிப்புகள் விரிந்தன. முன்னால் அத்தா, அவருக்கு வலப்பக்கம் மச்சான், பின்வரிசையில் பெண்கள் நாங்கள் மூவர். உண்மையைச் சொல்கிறேன்: அன்று என் மனம் இறைவனிடத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. முதலாவது, இரண்டாவது, சரி. மூன்றாவதும் சரி. நான்காவதின் முடிவில் உட்கார வேண்டியவர்...

எழுந்து நின்றுவிட்டார்.

இனி இந்த மனிதர் வாழ்நாளில் முன்னால் நிற்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மச்சானுக்குத் தெரியாமலிருக்குமா? தெரியும். ஆனால் அவரிடமிருந்து ஓர் ஒலியும் இல்லை. அந்த மௌனத்தில் அம்மாவின் புறங்கை தட்டும் ஓசை — இரண்டே தட்டு — கேட்டது.

அத்தா அமர்ந்தார். பதற்றம் இல்லை. மறதிக்கென்று எங்கள் மார்க்கத்தில் விதிக்கப்பட்டபடி, நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவை இரண்டு முறை கூடுதலாகச் செய்தார். சலாம் சொல்லி முடித்தார்.

மறதியை முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கும் ஒரு வணக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கும் மார்க்கம் இது. எவ்வளவு நடைமுறை அறிவு! பிழையே நேராத தாம்பத்தியத்தை நான் நம்புவதில்லை. பிழைக்கு இடம் வைத்துக் கட்டியதை நம்புகிறேன். கல்லூரித் தமிழ் வகுப்பில் தலைவன் தலைவியின் பிரிவையும் ஊடலையும் திணைவாரியாகப் படிக்கிறேன். முன்னால் நிற்பவர் தவறும்போது பின்னால் நிற்பவர் மெல்லத் தட்டுவதற்கு எந்த இலக்கணத்திலும் துறை வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அத்தா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "என்ன, சத்தமே கேக்கல? கையில வலுவில்லையா?"

"காது மந்தமாயிருச்சுன்னு சொல்லுங்க."

"நாளைக்குக் கொஞ்சம் பலமாத் தட்டு."

நாளைக்கு! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அம்மா கேக்கைக் காக்க வைத்தார்?

"ஏன் மச்சான், நீங்க கவனிக்கலியா?" என்று பிறகு கேட்டேன்.

"கவனிச்சேன். அது மாமி வேலை. நமக்கு எதுக்கு?" என்றபடி அவர் கேக்குக்குக் கத்தி தேடினார்.

கேக் வெட்டப்பட்டது. ஆளுக்கொரு துண்டு. மூன்றா, நான்கா என்ற அந்த முதல் வாரத்து வழக்கு மட்டும் வாய்தாவிலேயே இருக்கிறது.

அது தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் நான் இறைவனிடம் துஆ செய்கிறேன்.