கீழே இறங்கினால் அண்ணன்

சித்தப்பா மாடிப்படி இறங்கி வருகிறார். கடைசிப் படியில் நின்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். சுவரில் ஆணியில் தொங்கும் என் அப்பாவின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறார். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் கணினியில், அப்பாவின் பெயரில் எழுதுகிறார். முடித்ததும் கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு மேலே போகிறார். அங்கே தன் கணினியைத் திறந்து, கீழே எழுதியதற்குத் தன் பெயரில் பதில் எழுதுகிறார். பிறகு மறுபடி இறங்குகிறார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பவர்மா. ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போனோம்" என்றார் ஒருமுறை.

இறங்கும்போது இடது காலை இழுக்கிறார். ஏறும்போது இழுப்பதில்லை. கால்வலி அப்பாவுக்குத்தான் இருந்தது.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடத்துக்குப் போனால் லிஃப்டில் ஏறிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிச் சத்தம் கேட்பார். சத்தம் இல்லையென்றால் தலையசைத்துவிட்டு வெளியே வருவார். மனிதர்களிடமும் அப்படித்தான். தொலைபேசியை எடுத்ததும் "என்ன ஆச்சு?" என்பார். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றால், "அப்ப எதுக்குக் கூப்பிட்ட?" என்று வைத்துவிடுவார்.

லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகைக்காக அவர் ஒரு சிறு கணினி நிரல் எழுதினார். இயந்திரம் தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவுக் கருவி. ஆனால் கோளாறு வந்தால் மட்டுமே எழுதும். மற்ற நேரம் வாயே திறக்காது. பெயர் மௌனி. அப்பா குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரம் பேசாமல் இருந்தால் உள்ளே இருக்கும் சரக்கு அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவர் எழுதிய கருவி நாடி. நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒரு வரி எழுதும். இருவரும் தங்கள் நிரலை யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரே குழுவில் திறந்துவைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் தம்பிச் சண்டை ஊர் பார்க்க நடந்தது. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே பேச்சு குறைவு. எல்லாம் குழுவின் பக்கத்தில்தான்.

நாடியில் ஒரு குறை உண்டு. 'இருக்கேன்' என்ற வரியை எழுதுவது தனியாக ஓடும் ஒரு கடிகாரம். முக்கிய வேலை உறைந்து நின்றுபோனாலும் கடிகாரம் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் சித்தப்பா. "மதிப்பிற்குரிய நாடி பராமரிப்பாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, "செத்துக் கிடக்கும், ஆனால் இருக்கேன் என்று சொல்லும்" என முறைப்படி புகார் பதிந்தார். அப்பாவின் பதில் இது: "டேய் தம்பி, உன்னோடது செத்தாலும் சொல்லாது, உயிரோட இருந்தாலும் சொல்லாது. போய் லிஃப்டைப் பாரு." புகாரை மூடிவிட்டார்.

அப்பா கடைசி நாள் சாயங்காலம் டீ குடிக்க மேலே வரவில்லை. சித்தப்பா தன் திரையைப் பார்த்தார். அப்பாவின் கணினியில் ஓடிய நாடி, இருக்கேன், இருக்கேன் என்று அதிலும் வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தது. சரி, வேலையாக இருக்கிறார் என்று நினைத்து இறங்காமல் இருந்துவிட்டார். மறுநாள் காலை நான் வந்து கதவைத் திறந்தேன். அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். மாலையில் விழுந்திருக்கிறார், விடியும் நேரத்தில்தான் உயிர் போயிருக்கிறது என்றார் மருத்துவர். திரை அப்போதும் எழுதிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு சித்தப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அந்தக் கோளாறைக் கண்டுபிடிச்சதே நான்தாம்மா."

அதற்கு அடுத்த வாரம் கண்ணாடியை மாற்றத் தொடங்கினார்.

அப்பா இறந்தது குழுவில் யாருக்கும் தெரியாது. இரண்டு கருவிகளைப் பராமரிக்க ஆளில்லை, ஒன்றை எடுத்துவிடலாம் என்று அங்கே பேச்சு ஓடுகிறது. ஒருங்கிணைப்பாளர் எனக்குத் தனியாக எழுதினார்: "அப்பா நலமா? நாடியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வாரா? முன்னைவிட உற்சாகமாகத் திட்டுகிறாரே." பதிலைத் தட்டி வைத்தேன். அப்பா இறந்துவிட்டார் என்ற ஒரே வரி. அனுப்பும் முன், இறங்கி வந்த சித்தப்பாவிடம் காட்டினேன்.

"இதை அனுப்பினா?"

"நாடியை எடுத்துடுவாங்க. மௌனி மட்டும்தான் இருக்கும். நீங்க ஜெயிச்ச மாதிரி."

"ஜெயிச்சு? அப்புறம் யாரோட சண்டை போடறது?"

"சித்தப்பா, இப்பவும் அப்பா எழுதல. நீங்கதான் எழுதறீங்க."

அவர் கோபப்படவில்லை. "மேல உட்கார்ந்து பார்த்துட்டேன், அவர் பேர்ல ஒரு வரி வரமாட்டேங்குது. இங்க உட்கார்ந்தா நிக்காம வருது. அத்தனையும் என்னைத் திட்றது. என்னை நானே இப்படியா திட்டிக்குவேன்?" அப்பாவின் திரையைக் காட்டினார். "அந்தப் பழைய புகாரைத் திறந்து, நீ சொன்னது சரிதாண்டான்னு ஒரு வரி எழுதிடலாம்னு தினமும் வரேன். கை ஓட மாட்டேங்குது. அவர் சம்மதிக்கலை."

"நான் அனுப்பட்டுமா?"

"இரு. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

கண்ணாடியை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதுவும் எழுதவில்லை. திரையில் 'இருக்கேன்' வந்தது, பிறகு இன்னொன்று வந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் விளக்கைப் போட்டதும் எழுந்தார். கண்ணாடியை ஆணியில் மாட்டினார். படியை நோக்கிப் போனவர் திரும்பி வந்து குனிந்து, காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோலப் புறங்கையை, தான் அப்போதுதான் எழுந்த இருக்கையின்மேல் வைத்துப் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார். "அனுப்பாதே."