திராட்சைப் பந்தலில் விழுந்த விமானம்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வலது கையின் ஆள்காட்டி விரல் உடைந்து வீங்கியிருந்தது. காதிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைக் காலரில் காய்ந்து, கழுத்தைத் திருப்பினால் உரசியது. அடித்தவனை நானும் சும்மா விடவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பானரை அவன் முழங்காலில் இறக்கிவிட்டுத்தான் கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். லோயர் கேம்பில் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும். ஒன்றில் தொற்றிக்கொண்டு மலையேறிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

ஏறினாலும் தப்ப முடியாது என்பதும் தெரியும். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் பட்டறைக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சாமி சந்தனத்தைத் துடைத்து விமானத்தை விழவைத்தவன் என்ற பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறிவிடும். பிறகு யாரும் என் கையில் ஒரு திருப்புளி தர மாட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைப்பு அந்தக் கையில்தான் இருந்தது.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஆள் உட்காரும் வண்டி. போர்வெல் லாரி வைத்திருந்த என் முதலாளி தன் தரிசு நிலத்துக் கொட்டகையில் தானே கட்டியது. அலுமினியக் குழாய்கள், லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவர் தைத்துத் தந்த துணி இறக்கைகள், மொபெட் சக்கரங்கள், ஓட்டுகிறவரின் தலைக்குப் பின்னால் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதன் பின்னால் தேக்கில் செதுக்கிய விசிறி. பெட்ரோலுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். எஞ்சினையும் வரைபடத்தையும் பெங்களூரில் பறப்பதையே விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். ஓட்டவும் அவரிடமே கற்றுக்கொண்டார். அனுமதி வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நான் போர் லாரியில் குழாய் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தவன். அதற்கு முன் திருப்பூர் சாயப்பட்டறை, பெங்களூர் லேத் பட்டறை, ஆடு ஏற்றும் ஒரு லாரி. எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. இங்கே மட்டும் தங்கிவிட்டேன், அந்த வண்டியால்.

அது சாதுவான வண்டி இல்லை. ஒருமுறை ஆக்சிலேட்டர் கம்பி சிக்கி, ஸ்டார்ட் ஆன வேகத்தில் பாய்ந்தது. பிடிக்கப் போன வெல்டரின் முன்னங்கையை விசிறி அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, விசிறி நுனியில் ஒட்டியிருந்ததை நான்தான் சுரண்டி எடுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு பக்கமும் எடை சரிபார்த்து, மறுபடி மாட்டினேன். ஆடி மாதம் மலைக் கணவாய்க் காற்று வந்தால் இன்னும் மோசம். கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துபோய்ப் பக்கத்துத் தோட்டத்து மாட்டின் முதுகைக் கிழித்தது. காற்று ஓயும்வரை வண்டியைப் போர் லாரியோடு வடக்கயிற்றால் கட்டி வைப்போம். அப்படியும் அது துள்ளும்.

தரையில் ஓட்டவும், ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கவும் முதலாளி என்னை விட்டார். அதற்கு மேல் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் சொன்னார்.

"ஆயுத பூசை முடியட்டும்டா. விசயதசமி அன்னைக்கு நீ தனியா ஒரு சுத்துப் போயிட்டு வா. ஊரே பாக்கட்டும்."

பூசையன்று அவரே கிண்ணத்தோடு வந்து, எஞ்சினுக்கு, இருக்கைக்கு, சக்கரங்களுக்கு, கேன் மூடிக்கு, விசிறியின் இரண்டு இறக்கைக்கும் கட்டை விரலால் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். போர் லாரிக்கு வைப்பது போலவே தாராளமாக.

மறுநாள் காலை எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நடுங்கியது. விசிறியில் ஒரு பக்கச் சந்தனம் உதிர்ந்து, மறு பக்கம் அப்படியே இருந்தது. எடை மாறினால் விசிறி எஞ்சினையே பிடுங்கிவிடும். பெட்ரோல் துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன்.

முதலாளியின் மச்சான் பார்த்துவிட்டான். போர் லாரியை மேற்பார்க்கிறவன்.

"ஏலே, பூசைச் சந்தனத்தத் துடைக்கிற? ஒங்கொப்பன் வீட்டு வண்டியா?"

"ஆட்டுதுண்ணே. நடுங்குது, வந்து தொட்டுப் பாருங்க."

"சாமி ஆட்டுமாலே?"

முதலாளி என்னைத் திட்டவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. "சரி, மொதல்ல நான் ஏறுறேன். சாமி கோவம் இருந்தா எம்மேல வரட்டும். நீ அடுத்தாப்புல போ" என்று ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மற்ற இடங்களில் இருந்த சந்தனத்தை யாரும் தொடவில்லை.

வண்டி நன்றாகத்தான் எழும்பியது. கூடலூருக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே ஆற்றுப் பக்கம் திரும்பியபோது சத்தம் மெலிந்தது. இருமியது, மறுபடி பிடித்தது, பிறகு நின்றேவிட்டது. அவர் இறங்க இடம் தேடுவது கீழிருந்தே தெரிந்தது. அந்தப் பக்கம் முழுவதும் திராட்சைப் பந்தல். மேலிருந்து பார்த்தால் பச்சைத் தரை, இறங்கினால் இழுத்துக் கட்டிய கம்பி.

மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது பந்தல் ஒரு பட்டைக்குப் பிளந்து கிடந்தது. கல்தூண்கள் ஒடிந்திருந்தன. கம்பி இறக்கைகளைத் தோல் உரிப்பது போல உரித்திருந்தது. முதலாளியின் கன்னம் காது வரைக்கும் கிழிந்து பல் தெரிந்தது. ஒரு தொடை தவறான பக்கம் மடங்கியிருந்தது. அவர் மேலெல்லாம் நசுங்கிய பழம், எது ரத்தம் என்று சொல்ல முடியவில்லை. கேன் உள்ளே ஒட்டிப்போய், பொக்கை வாய் மாதிரி இருந்தது. மூடி கழன்று எங்கேயோ தெறித்திருந்தது. விழுந்த அடி என்று நினைத்தேன். தோட்டக்காரம்மா ஒரு கையில் அரிவாளும் ஒரு கையில் மண்வெட்டியுமாக நின்று, பீடியோடு வந்த ஒருவனை உதைத்து விரட்டினாள். பெட்ரோல் அவ்வளவு சிந்தியிருந்தது.

முதலாளியை வேனில் ஏற்றிய பிறகு மச்சான் என்னைக் கொட்டகைக்கு இழுத்துப் போனான். போலீசுக்குப் போக முடியாது, அனுமதி இல்லாத வண்டி. எனவே என்னைத்தான் அடிக்க முடியும். லாரி ஆட்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அலுமினியக் குழாயால் காதில் ஒன்று வைத்தான்.

"எந்தக் கைலே துடைச்சது?"

நான் சொல்லவில்லை. பெட்ரோல் நாற்றம் சொல்லிவிட்டது. விரலைப் பின்பக்கம் மடக்கினான். அது முறிந்ததும் பிடித்திருந்தவர்களே பயந்து கையை விட்டார்கள். அப்போதுதான் இடது கையால் ஸ்பானரை எடுத்தேன்.

இப்படித்தான் அந்தச் சாலைக்கு வந்தேன். வெயில் சாயும் நேரம், வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏலே பிளேன்காரா! நில்லு. எங்கன ஓடுற?"

அதே தோட்டக்காரம்மா.

"மலைக்குப் போறேன்க்கா."

"மலைக்கா? ஒங்க மொதலாளி ஆகாசத்துல இருந்து வந்தாக, எம்பந்தல்ல எறங்குனாக, வேன்ல ஏறிப் போயிட்டாக. நீயும் போயிட்டா இத எவன் தூக்கி நிறுத்துறது? நாலு நாள்ல வெட்ட வேண்டிய பழம்லே."

"நானாக்கா விழுந்தேன்?"

"அந்த மச்சான்காரன் சொன்னான், நீதான் விழ வச்சயாம்ல. சாமி குத்தமாம். சாமிக்குக் கோவம்னா அவுக வீட்டு ஓட்டு மேல தள்ளியிருக்கலாம்ல? ஏழை பந்தல்தான் ஆப்புட்டுச்சா?" என் கையைப் பார்த்தாள். "அவனா செஞ்சான்?"

தலையாட்டினேன். ஒரு மூங்கில் சிம்பையும் கிழிந்த துணியையும் கொண்டுவந்து, கேட்காமலே விரலை இழுத்துக் கட்டினாள். நான் கத்தியதை அவள் பொருட்படுத்தவில்லை. சோறு போட்டாள். மோட்டார் ரூமில் படுத்துக்கொள்ளச் சொன்னாள்.

விடிந்ததும் அறுந்த கம்பிகளைப் பழக்குலைகளுக்கு நடுவிலிருந்து உருவ ஆரம்பித்தேன். ஒடிந்த தூண் ஒன்றைப் புரட்டியபோது அடியில் கேன் மூடி கிடந்தது. மேலே சந்தனம் சிமெண்டு மாதிரி இறுகி, குங்குமம் கூட அழியாமல் இருந்தது. அந்த மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினால் உறிஞ்ச முடியாது. குங்குமம் சரியாக அந்த ஓட்டையின் மேலே இருந்தது. கேன் ஒட்டிப்போனது விழுந்த அடியால் இல்லை.

உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, சிரித்தால் காது வலித்தது.

மச்சான் எஞ்சினைத் தூக்கிப் போக லாரியில் வந்தான். நொண்டிக்கொண்டே இறங்கி, என்னைப் பார்த்ததும் குழாயைத் தேடினான். நான் மூடியை நீட்டினேன்.

"ஊதிப் பாருங்கண்ணே."

"என்னாது?"

"காத்துப் போகுதான்னு ஊதுங்க. நேத்து நான் துடைக்காத சந்தனம்."

ஊதினான். கன்னம் உப்பியது, காற்றுப் போகவில்லை. மறுபடி ஊதினான். உதட்டில் குங்குமம் ஒட்டியது. அவனுக்குப் புரிந்துவிட்டது, கண்ணில் தெரிந்தது. மூடியை முட்செடிக்குள் வீசி எறிந்துவிட்டு, என் காதிலேயே மறுபடி அறைந்தான்.

"சாமி மேல பழி போடுறியாலே?"

அடுத்த அறை விழவில்லை. தோட்டக்காரம்மா அரிவாளைத் திருப்பி, மட்டத்தால் அவன் மணிக்கட்டில் அடித்திருந்தாள்.

"பந்தல் நிக்கிற வரைக்கும் ஒரு போல்ட்டு இங்கன இருந்து போகாது. ஒங்க அக்கா மாப்பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லு. வாயத் தொடச்சிட்டுச் சொல்லு."

லாரி ஆட்கள் அவன் உதட்டைப் பார்த்தார்கள். ஒருவன் இருமுவது போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கம்பத்துக்கு எனக்கு முன்னால் போய்ச் சேரும். அது போதும் என்று இருந்தது.

லாரி போனதும் முட்செடிக்குள் கைவிட்டு மூடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தோட்டக்காரம்மா கம்பி முறுக்கும் குறடை என் இடது கையில் வைத்தாள்.

"கம்பி முறுக்கத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப மேலயே பாக்காத. அந்த மூலையில இருந்து புடி."

மூலைத் தூணில் காலை ஊன்றி முதல் கம்பியை இழுத்தேன்.