முன்னால் இருந்த சதவீதக் குறி

“சர்ச் பட்டன அழுத்திட்டு நான் டீயே குடிச்சிட்டு வந்திரலாம் போல! என்னம்மா சாஃப்ட்வேர் எழுதியிருக்கீங்க?”

கவுன்ட்டரில் நின்று டாக்டர் சத்தம் போட்டார். புதுக்கோட்டையில் அவருடைய பரிசோதனை நிலையத்துக்கு அந்த சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவள் நான். ரிப்போர்ட் வாங்க வந்த கூட்டம் வாசல் வரை நின்றது. எனக்கு மானமே போய்விட்டது. கோபமாக இருக்கும்போது புரோகிராம் கோடில் கை வைக்காதீர்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அவ்வளவு திமிர்.

டேட்டாபேஸில் பெயர் தேட ‘லைக்’ என்று எழுதுவோம். '%அழகம்மாள்%' என்று இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டால், பெயருக்கு முன்னால், பின்னால் என்ன இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் முன்னால் குறி இருந்தால், பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கும் இண்டெக்ஸ் உதவாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வரும். ஏழு நொடி ஆனது. முன்குறியை எடுத்தேன். ஒரே நொடிதான். இனி 'அழகம்மாள்' என்று தொடங்குகிற பெயர் மட்டுமே வரும். அதனால் என்ன? இனிஷியலைப் பெயருக்குப் பின்னால்தான் ஏற்ற வேண்டும் என்று ரிசப்ஷனில் இருந்த ஜெசிந்தாவிடம் சொல்லியிருந்தேனே!

“இப்பத்தாம்மா வேலை பாத்திருக்கீங்க” என்றார் டாக்டர். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அந்த நிலையத்தின் சார்பில் மருத்துவ முகாம் நடந்தது. படிவம் எழுதியவர்கள் நம் வழக்கப்படி இனிஷியலை முன்னால் போட்டு எழுதிவிட்டார்கள். அந்தப் பட்டியலை அப்படியே மொத்தமாக டேட்டாபேஸில் ஏற்றியது வேறு யாரும் இல்லை, நான்தான். அதில் ஒருவர் மா.அழகம்மாள். முந்திரி உடைக்கப் போகிறவர். மார்பில் கட்டி. ஊசி மூலம் எடுத்த மாதிரியில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. அவரிடம் போன் கிடையாது. ஒரு வாரம் கழித்து நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

வந்தார். முகாமில் கொடுத்த சீட்டு தொலைந்துவிட்டதால் ஜெசிந்தா பெயரை வைத்துத் தேடினாள். நான் எழுதி வைத்திருந்த வாசகம் ஸ்கிரீனில் வந்தது: 'எதுவும் இல்லை.'

“அழகம்மாள்ங்கிற பேர்ல ஒண்ணும் இல்லங்கம்மா.”

“ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாத்தியா தாயி?”

“பாத்துட்டேங்க. ஒண்ணும் இல்ல.”

அந்தம்மா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். எதற்குக் கும்பிடுகிறார் என்று யோசிக்க ஜெசிந்தாவுக்கு நேரமில்லை. பின்னால் கூட்டம்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பிரின்டர் சரிசெய்யப் போயிருந்த நான் அப்போது அங்கேயே இருந்தேன்.

“கட்டி பெருசாயிருச்சு தாயி. நீதான அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்ன? சந்தோசத்துல போற வழியிலேயே கறி எடுத்துட்டுப் போயி ஆக்கிப் போட்டேன்.”

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, முன்னால் சதவீதக் குறி போட்டுத் தேடினேன். ஏழு நொடி. மா.அழகம்மாள் வந்தார், ரிப்போர்ட்டோடு.

டாக்டர் ஜெசிந்தாவைப் பிடித்துக் கிழித்தார். “ஒரு பேரத் தேடத் தெரியாதா ஒனக்கு?” அவள் அழுதுகொண்டே நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் ஜெசிந்தா வேலையை விட்டிருந்தாள். இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அழகம்மாளைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். முன்னாலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

இப்போது இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறேன். ஸ்கிரீன் வாசகத்தையும் மாற்றிவிட்டேன்: 'இந்த எழுத்தில் கிடைக்கவில்லை. வேறு விதமாகத் தேடவும்.' நீங்கள் எழுதும் தேடல் வெறுங்கையோடு திரும்பினால், அது நீங்கள் கேட்ட விதத்தில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதை நம்பி ஒருவர் பஸ் ஏறிவிடுவார்.

அன்று நான் மிச்சப்படுத்தியது ஆறு நொடி. அதற்கு டாக்டரிடம் பாராட்டு வாங்கினேன். அந்தம்மாவுக்குப் போனது ஐந்து மாதம்.