வெளுத்துப்போன இரைப்பை

வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் அவள் நர்ஸ். குழாயைக் கண்டதும் கைகால் உதறும் முரட்டு ஆசாமிகளைக்கூட, "ஒண்ணுமில்லண்ணே, மூச்ச மட்டும் விடுங்க" என்று பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவள் லீவு போட்டால் டாக்டருக்குக் கை ஓடாது.

அன்று படுத்திருந்தது அவள் கணவன். பஸ் ஓட்டிய மனிதன். வேலை போனதிலிருந்து வயிற்றில் புண். கிருமி இல்லை, காரம் தொடுவதில்லை, மாத்திரை தவறுவதில்லை. ஆனாலும் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. இன்னொரு தரம் ரத்தம் கசிந்தால் ஆள் தாங்க மாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"பயமும் கவலையுமா இருந்தா, நரம்பு இரைப்பைச் சுவர்ல இருக்கிற சின்ன ரத்தக் குழாயெல்லாம் இறுக்கிப் பிடிச்சிடும் சிஸ்டர். ரத்தம் வராத சுவரை அமிலம் தின்னாம விடுமா? இவர் எதுக்கோ பயந்துகிட்டே இருக்கார். வீட்டுல என்ன?"

வீட்டில் என்ன? மகன் படிப்பு, மாமியார் மருந்து, எல்லாம் அவள் தலையில். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்காவது எங்கயாவது போய்க் கேட்டீங்களா?" என்பாள். கேட்காமல் என்ன செய்வாள்? சில நாள் அவனிடம் கத்தியும் இருக்கிறாள். மற்றபடி அந்த மனிதன்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதைச் சொல்லத்தான் நேரமில்லை.

தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாயை இறக்கினார் டாக்டர். திரையில் இரைப்பையின் உட்சுவர் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அவன் கண்ணில் நீர் முட்டியது. அவள் காதருகே குனிந்து, "என்னங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வெளுத்தது.

ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்தாள். "பயப்படாதீங்க" என்று இன்னும் மெதுவாகச் சொன்னாள். இன்னும் வெளுத்தது. ஒன்றுமில்லை என்பதுபோல் அவன் கையை ஆட்டினான். பாவி மனுஷன், வாயில் குழாயோடு அவளுக்குத் தைரியம் சொல்கிறான்! வயிற்றுக்கு அந்த நடிப்பு வரவில்லை.

"சிஸ்டர், கொஞ்சம் வெளிய இருங்களேன்" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் கேட்டது.

"இப்பப் பரவாயில்ல. நிறம் திரும்பிடுச்சு."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். இனி இவனை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று தெரியாமல் அவள் அழுதாள்.