காட்டெருமைக்குப் பாடியவர்

எங்கள் எஸ்டேட் பங்களாவில் ஒரு பாட்டுக்காரர் வந்து தங்கியிருந்தார். சினிமாவுக்கு, சர்ச்சுக்கு, கோயிலுக்கு, கட்சிக்கு என்று நாற்பது வருசம் தானே எழுதிப் பாடியவர். தொண்டையில் ஆபரேசன் ஆனதிலிருந்து பாடவில்லையாம். கழுத்து மப்ளரைத் தடவிக்கொண்டே இருப்பார்.

ஒரு காலை நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கூடவே வந்தார். பாதையை மறித்துக் காட்டெருமை படுத்திருந்தது. சத்தம் கொடுத்தால்தான் விலகும்.

“சத்தமா பாடுங்க,” என்றேன்.

“குரல் வருமான்னு பயமா இருக்கும்மா.”

“நல்லா இல்லேன்னா எந்திரிச்சுப் போயிரும். நமக்கு வேண்டியது அதுதானுங்களே!”

சிரித்துவிட்டார். முதலில் கரகரப்பு, அப்புறம் ரேடியோவில் நான் கேட்ட அதே குரல். எருமை எழுந்து போனது. அவர் நிறுத்தவில்லை, மேட்டுக்காடு வரை பாடிக்கொண்டே என் பின்னால் நடந்தார்.

எருமைக்குப் பயந்து பாடினாரா, பாடச் சொன்ன எனக்குப் பயந்தா என்று இன்னும் தெரியவில்லை.