அத்தான் அணைக்காத சுவிட்ச்

என் அக்கா வீட்டுக்காரர் ரகுபதிக்கு வயது அறுபத்து மூன்று. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, சுவிட்சை அணைப்பது.

விளக்கு, மின்விசிறி என்றால் யார் கேட்கப்போகிறார்கள். சமூக மன்றத்தில் யாரோ மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அது கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும், தூங்குகிற கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று சொன்னார்களாம். மறுநாளே கரண்ட் அளக்கிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து, வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் அதில் செருகிப் பார்த்தார். கேபிள் பெட்டிதான் முதல் குற்றவாளி. அடுத்தது, மகன் ஜெய் கல்யாணமாகி புக்கிட் பாத்தோக்கில் தனிக்குடித்தனம் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர். போகிற வருகிறவரையெல்லாம் இழுத்துவந்து, "சும்மா கெடக்கும்போதே எப்படித் தின்னுது பாருங்க" என்று காட்டுவார். அன்றிலிருந்து வெளியே கிளம்புமுன் தெம்பனிஸில் இருக்கிற தன் வீட்டைச் சுற்றி ஒரு வலம். சுவரில் இருக்கிற சுவிட்ச் ஒவ்வொன்றையும் தட்டி அணைப்பார். ஒரு சிவப்புப் புள்ளிகூடக் கண்ணில் படக்கூடாது.

அக்கா பெயர் பஞ்சவர்ணம். அவளுக்கு அப்படிப் பெயர் வைத்த அப்பா, பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்கு அனிதா என்று வைத்தார். அதற்குள் அவருக்கு நாகரிகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அத்தானைக் கேலி பண்ணியே அக்கா பொழுதை ஓட்டினாள்.

"நானும் இங்கதான் நிக்கிறேன் லா. என்னையும் ஆஃப் பண்ணிட்டுப் போங்களேன்" என்பாள்.

"உனக்கெதுக்குக் கரண்டு? ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஊத்துனா நாள் பூரா ஓடுவே" என்பார் அவர்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தான் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினார். வழக்கம்போல வலம் வந்தார். அக்காவின் கைப்பேசி இரவு முழுக்க ஹாலில் சார்ஜில் கிடந்தது. இவ்வளவு நேரம் ஏறியது போதும் என்று அந்த சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு மேல் அக்காவுக்கு நெஞ்சுவலி. எதிர்வீட்டு ஆமினா பீவி மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது, கம்பிக் கதவுக்கு உள்ளே அக்கா விழுந்து கிடந்தாள். கையில் கைப்பேசி இருந்தது. ஆனால் அது செத்துப்போய் எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதை அவர்கள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு வாய் நீளம். பஃபலோ ரோட்டில் இருபது வருடமாகப் பூக்கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாமல் முடியாது. மண்டாயில் தகனம் முடிந்து வீடு திரும்பியதும், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அந்த வாயைத் திறந்தேன்.

"ஒரு சுவிட்சு, அத்தான். ஒரே ஒரு சுவிட்சு. அதுக்கு எங்கக்கா உசுரு போச்சு."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பேசாமல் நின்றதால் இன்னும் கத்தினேன்.

நான் அப்படிக் கத்தியதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை ஏழு மணிக்கு அக்காவை வீடியோவில் கூப்பிட்டவள் நான். பக்கத்துக் கடைக்காரன் தன் பூ வாளிகளையெல்லாம் என் கடை வாசலில் தள்ளி வைக்கிறான், அதுதான் விஷயம். ஒரு மணி பத்து நிமிடம் புலம்பினேன். அக்காவின் கைப்பேசி பழசு, பேட்டரி தாங்காது. பேச்சு நடுவில் அறுந்துவிட்டது. என் புலம்பல் சலித்துப்போய் அவளே வைத்துவிட்டாள் என்று நினைத்து, கோபத்தில் நான் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் அதை மறுபடி ஒயரில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். சுவிட்ச் அணைந்திருப்பதைக் கவனித்திருக்க மாட்டாள்.

அதாவது, நிறைந்திருந்த கைப்பேசியைக் காலி பண்ணியது நான். பழியைச் சுமந்தவர் அத்தான். இதை ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு வருடம் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். நினைக்க எனக்கே கேவலமாக இருக்கிறது.

வருடத் திவசத்துக்கு மாலையோடு தெம்பனிஸ் போனேன். ஜெய் வாழையிலை வாங்கக் கீழே போயிருந்தான். அத்தான் கதவைத் திறந்தார். பட்டப்பகலில் வீடெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள். டிவியில் சிவப்பு, கேபிள் பெட்டியில் சிவப்பு, யாருமே தொடாத ஜெய்யின் கம்ப்யூட்டரில் மஞ்சள். பிரிண்டர், மைக்ரோவேவ், எதற்கென்றே தெரியாத இரண்டு சார்ஜர்கள் எல்லாவற்றுக்கும் சுவிட்ச் போட்டே கிடந்தது. கரண்ட் அளக்கிற பெட்டியைக் காணோம்.

அக்கா படத்துக்குக் கீழே அவளுடைய கைப்பேசி, ஒயரோடு. மாலையைப் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அதன் முதுகு பூரி மாதிரி உப்பி, மூடி பிளந்திருந்தது.

"அத்தான், இத எப்பருந்து சார்ஜ்ல வச்சிருக்கீங்க?"

"அவ போன அன்னைக்கிலேருந்துதான்."

"பேட்டரி உப்பிப்போச்சு. தீப்புடிக்கும். மொதல்ல சுவிட்ச அணைங்க."

படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கை சுவிட்ச் வரை போனது. பிறகு திரும்பி வந்து மடியில் விழுந்தது.

"முடியலம்மா. எதையும் என்னால அணைக்க முடியல."

வெளியே கிளம்பும்போதெல்லாம் வீட்டையே அணைத்துவிட்டுப் போன மனிதர். அந்தக் கையைப் பார்த்தபிறகு என்னால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு மணி, வாளி, பேட்டரி, அறுந்த பேச்சு, என் கோபம்.

"நீங்க அணைச்சப்ப அது ஃபுல்லாதான் இருந்துருக்கும், அத்தான். காலி பண்ணது நான்."

அவர் அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்குச் சாயந்திரமே ஜெய் இத சார்ஜ் போட்டுப் பாத்தான். ஏழு மணிக்கு உன் பேரு. எழுவது நிமிஷம். யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

"நான் அத்தன பேரு முன்னால அப்படிக் கத்துனேனே. அப்பவும் ஏன் சொல்லல?"

"நான் சுவிட்ச அணைச்சதும் உண்மைதானேம்மா. ரெண்டு பேரு எதுக்குக் கெடந்து வேகணும்? ஒருத்தரு போதும்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு வருஷமா உன்கிட்ட ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். கேட்டா, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும். அதான் கேக்கல."

"என்ன அத்தான்?"

"அவ கடைசியா என்ன சொன்னா?"

எழுந்து போய் சுவிட்சை நான் அணைத்தேன். திரை ஒரு தடவை மின்னி அடங்கியது. ஒயரைப் பிடுங்கி, கைப்பேசியை ஒரு தட்டில் எடுத்துப்போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாளியப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். அக்கா சிரிச்சுட்டே இருந்தா. கடைசியா, 'வாளிய வுடுடி, நீ மொதல்ல சாப்டியா'ன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு, அத்தான்."