எடை நின்றதும் எழும் ஒலி

சின்னமனூரைத் தாண்டி உத்தமபாளையம் போகும் சாலையில், தென்னந்தோப்பை ஒட்டி, லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் ஓர் எடைமேடை இருக்கிறது. சுருளிராஜன் அங்கே பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் வாழைக்காய் மண்டியில் தராசு பிடித்தார். ஆக முப்பது ஆண்டுகள் அவர் செய்தது ஒரே வேலை. ஊரார் பொருளுக்கு எடை சொன்னார். அவர் சொன்ன எடைக்கு மறுபேச்சு கிடையாது. வழியில் வேறு மேடை இருந்தாலும் அதைத் தாண்டி இங்கே வந்து வண்டி ஏற்றுகிற திராட்சைக்காரர்கள் இருந்தார்கள். குமுளி வழியாகத் தேங்காய் கொண்டுபோகிற மலையாளத்து ஓட்டுநர்கள் அவரைச் சேட்டா என்று கூப்பிட்டார்கள்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. ஐம்பத்தொன்பதில் அது கண்ணுக்கு ஏறியது. மதுரையில் லேசர் வைத்தார்கள். அதற்குப் பிறகு இடது கண்ணுக்குப் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. வலது கண்ணால் எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு சாம்பல் நிற வட்டம் நின்றது. ஓரங்கள் மட்டும் மிச்சம். வேலையை விட்டுவிடச் சொன்னார் டாக்டர்.

இது மனைவி அன்னத்தாய்க்குத் தெரியும். தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறவரிடம் அவள் என்னவென்று கேட்காமல் இருக்க முடியாது. மகள் அனுசுயாவிடம் மட்டும், "சொட்டு மருந்து விட்டாச்சு, சரியாப் போச்சு" என்று சொல்லி வைத்தார்கள். அவள் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். சின்னச் சின்னக் கருவிகளுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அடக்கி வைப்பது அவள் வேலை.

எடைமேடை முதலாளி செல்லப்பாண்டிக்குத் தெரியவே கூடாது. முந்தின ஆண்டு, மாலை முறை பார்த்த ஆள் மூக்குக்கண்ணாடியைத் தடித்ததாக மாற்றிக்கொண்டு வந்த அன்றைக்கே அவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். "எடை பாக்குறவனுக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு ஒருத்தன் வாயில வந்தாப் போதும்ணே. அப்புறம் ஒரு வண்டி இந்தப் பக்கம் திரும்பாது" என்று சுருளிராஜனிடமே சொன்னார். சுருளிராஜன் ஆமாம் என்று தலையாட்டினார்.

கண் தெரியாமல் எப்படி எடை போட்டார் என்றால், அது பெரிய வித்தை இல்லை. வண்டி மேடையில் ஏறும். "நம்பரச் சொல்லுப்பா" என்பார். ஓட்டுநர் கத்துவார். விரல்களுக்கு விசைப்பலகை மனப்பாடம். மேடைக்கு அடியில் இருக்கும் உணரிகளிலிருந்து எடை ஒரு கம்பி வழியாகக் கணினிக்கு வரும். வண்டி ஏறியதும் எண்கள் ஆடும். ஆட்டம் அடங்கியதும் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கி மூன்று முறை கீச்சிடும். அவர் எண்டர் தட்டுவார். அந்த நொடியின் எடை பதிவாகும். அச்சு இயந்திரம் கறகறவென்று சீட்டை அடித்துத் தள்ளும். கிழித்து நீட்டுவார். திரையை நிமிர்ந்து பார்ப்பதும் உண்டு. ஓட்டுநர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக.

எடையை வாங்கிச் சீட்டடிக்கும் அந்தக் கணினி நிரலை எழுதியது அனுசுயா. கல்லூரியில் கடைசி ஆண்டு செய்முறைக்காக அப்பாவின் மேடையையே எடுத்துக்கொண்டாள். கீச்சொலியையும் அவள்தான் வைத்தாள். அப்போது அது அழகுக்கு.

போன தைப் பொங்கல் விடுப்பில் அவள் மேடைக்கு வந்தாள். கணினி கிழடு. கரண்ட் போய் வந்தால் மறுபடி எழுந்திருக்க நாலு நிமிடம் பிடித்தது. அதற்குள் சாலை வரைக்கும் வண்டிகள் நிற்கும். இதைச் சொல்லித்தான் செல்லப்பாண்டி, கேமராவெல்லாம் வைத்துப் புதுசாக மாற்றி, புது ஆளையும் போடப்போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாத்த வேண்டாம்ணே. கெர்னலைச் செதுக்கித் தாரேன்" என்றாள் அனுசுயா.

"என்ன நெல்லு?" என்றார் செல்லப்பாண்டி.

"கெர்னல். கம்ப்யூட்டருக்கு அடிமட்டம் அதுதான். உலகத்துல இருக்குற அத்தனை சாமானுக்கும் ஒரு டிரைவர் அதுல கெடக்கு. எந்திரிக்கும்போது நீ இருக்கியா நீ இருக்கியான்னு ஒவ்வொண்ணாத் தேடிப் பாக்குது. நமக்கு வேணுங்குறத மட்டும் வச்சுட்டு மிச்சத்த எடுத்துட்டா, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துரும்."

நீலத் திரையில் பட்டியலைத் திறந்தாள். நூறு நூறாக வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அடைப்புக்குறி. உள்ளே நட்சத்திரம் இருந்தால் உண்டு, காலியாக இருந்தால் இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், சுருளிராஜன் பதில் சொன்னார். செல்லப்பாண்டி பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஃபிளாப்பி?"

"அதுக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. வேண்டாம்."

"சவுண்ட் கார்டு?"

"இங்க யாரு பாட்டுக் கேக்குறா."

"கேம் வெளையாடுற கட்டை?"

"அது ஒண்ணுதான் கொறச்சல் அண்ணனுக்கு" என்றார் செல்லப்பாண்டி.

"சீரியல் போர்ட்? எடை இதுலதாம்ப்பா வருது."

"அத எடுத்துட்டா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"பிரிண்டர் இருக்கட்டும். வயர்லெஸ் வேண்டாம். டிவி கார்டு வேண்டாம்."

"இம்புட்டும் உனக்கு எப்படித் தாயி தெரியும்?" என்றார் செல்லப்பாண்டி.

"எல்லாம் தெரியாதுண்ணே. கேள்விக்குறிய அமுக்குனா வெளக்கம் வரும். எழுதுனவுகளே கடைசி வரியில, சந்தேகமா இருந்தா இல்லைன்னு போடுன்னு சொல்லிருப்பாக. பாதிக்கு மேல அப்படித்தான்."

சுருளிராஜன் சிரித்தார். மகள் பேசுகிற பேச்சில் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆனால் இப்படி ஒரு பெண் தன் பெண் என்று அந்த அறையில் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது போதுமானதாக இருந்தது.

"அப்படியே அந்தக் கீச்சு கீச்சுச் சத்தத்தையும் தூக்கிரு தாயி" என்றார் செல்லப்பாண்டி. "போன்ல ஒரு வார்த்த பேச முடியல. தலவலி."

"அது ஓரமாக் கெடக்குதுண்ணே. இருந்தாலும் கனமில்ல, எடுத்தாலும் நஷ்டமில்ல." அனுசுயா திரும்பினாள். "அப்பா, அந்தச் சத்தம் வேணுமா?"

செய்தித்தாளின் சரசரப்பு நின்றிருந்தது. செல்லப்பாண்டி தன்னைத்தான் பார்க்கிறார் என்று சுருளிராஜனுக்குத் தெரிந்தது. முகம் தெரியவில்லை. வேணும் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். திரையில் சாண் உயரத்துக்கு எண் தெரியும்போது சத்தம் எதற்கு?

"வேண்டாம் ஆத்தா" என்றார்.

அவள் ஒரு விசையைத் தட்டினாள். நட்சத்திரம் அழிந்து அடைப்புக்குறி காலியானது.

புதிய கெர்னல் இருபத்தாறு நொடியில் எழுந்தது. செல்லப்பாண்டி கடிகாரத்தை வைத்துப் பார்த்து, புது ஆள் பேச்சை அன்றைக்கே விட்டார். அனுசுயா சாயங்காலம் பஸ் ஏறினாள். சுருளிராஜன் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்து, பஸ் போன திசையில் கையை ஆட்டினார்.

மறுநாள் முதல் வண்டி ஏறியது. நம்பர் கேட்டார், அடித்தார், காத்திருந்தார். மேடை எதுவும் சொல்லவில்லை. ஒரு ஈ பறந்தது.

"என்ன பெரியவரே, தூக்கமா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

அன்றிலிருந்து மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். இருபது வரை எண்ணி எண்டர் தட்டினார். பெரும்பாலும் சரியாக வந்தது. காற்றடிக்கிற நாளில், சுமையேற்றுகிறவர்கள் தார்ப்பாயின் மேல் நடக்கிற நேரத்தில், இருபது போதவில்லை. மாசி மாதம், வாடிக்கைக்காரர் முத்துராஜாவின் வாழைக்காய் லோடுக்கு நூற்றெண்பது கிலோ கூடுதலாகச் சீட்டு அடித்துவிட்டது. மண்டியில் பிடித்துவிட்டார்கள். முத்துராஜா திரும்பி வந்து சீட்டை மேசையில் வைத்தார்.

"மாமா, ஒங்க சீட்டுன்னு நான் பாக்காமக் குடுத்தேன். எல்லாரு முன்னாடியும் என்னயத் திருட்டுப்பய மாதிரி நிக்க வச்சுட்டாக."

"லோடு மேல ஆளுக நடந்திருப்பாக மாப்ள. மறுபடி ஏத்து, பாத்துருவோம்."

"ஒங்களுக்கா இப்படி?" என்றார் முத்துராஜா. கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்.

அன்றைக்குச் சுருளிராஜன் மகளுக்குப் போன் போட்டார். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள்.

"சொல்லுங்கப்பா. மெஷின் ஏதும் மக்கர் பண்ணுதா?"

"இல்ல ஆத்தா. அந்தச் சத்தம்..."

"என்ன சத்தம்? ஃபேன் சத்தமா?"

"ஒண்ணுமில்ல. ஜோரா ஓடுது. அதான் சொல்லலாம்னு. சாப்ட்டியா?"

"அப்புறம் கூப்புடுறேம்ப்பா."

அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டாள். அதற்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

மேடைக்கு வெளியே, ஓட்டுநர்கள் பார்ப்பதற்காக ஒரு கம்பத்தில் சிவப்பு எண் பலகை இருந்தது. திரையில் கலங்கிப்போகிற எண்கள் அதில் நெருப்பாக எரிந்தன. முகத்தைக் கிட்டே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தால் எண்கள் ஆடுகின்றனவா நிற்கின்றனவா என்று தெரிந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எண்டர் தட்டினார். கேட்டவர்களிடம், "உக்காந்தே இருந்தா சர்க்கர ஏறுது, நடக்கச் சொல்லிருக்காக" என்றார். நல்ல காரணம். செல்லப்பாண்டிகூடப் பாராட்டினார். ஒரு சீட்டும் தப்பவில்லை. ஏழு மாதம் அப்படி ஓடியது.

ஐப்பசியில் ஒரு முற்பகல். மழை. கரண்ட் போய் வந்து மூன்று வண்டிகள் நின்றன. மேடையில் ஒன்று. சுருளிராஜன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் போனார். இடப்பக்கம் ஒரு வெளியூர் லாரி, அடுத்த வண்டிக்கு வழிவிடப் பின்னால் வந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலில் அது வந்ததை அவர் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக் கண்ணுக்குப் பகலா இரவா என்பது மட்டும்தான் தெரியும். ஓட்டுநரும் அவரைப் பார்க்கவில்லை.

தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வீரபாண்டிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

பெரியவர் மழையில் எதற்கு வெளியே போனார் என்று காவல்துறையினர் கேட்டார்கள். நடைப்பயிற்சி என்றார் செல்லப்பாண்டி. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள், வந்தவர்கள் கலைந்த பிறகு, அனுசுயா அதையே கேட்டாள். "மழையில யாரும்மா நடப்பாக?"

அன்னத்தாய் கண், லேசர், தம்ளர் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "பொங்கலு வரைக்கும் சமாளிச்சாரு. அந்தச் சத்தத்த வச்சுத்தான் எட நின்னுருச்சான்னு தெரிஞ்சுக்குவாரு. அது நின்னுபோச்சாமுல்ல" என்றாள். அதை நிறுத்தியது யாரென்று அவளுக்குத் தெரியாது. அனுசுயா சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மேடைக்குப் போனாள். அங்கே முனீஸ்வரி என்ற பெண்ணைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். கணினிப் படிப்புப் படித்தவள், நல்ல பார்வை. "ஒரு மணி நேரம் வேணும்" என்று அனுசுயா அவளை எழுப்பிவிட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்டர் விசையில் எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

அதே நீலப் பட்டியல். உள்ளீட்டுக் கருவிகள், அதற்குள் இதர கருவிகள், அதற்குள் கணினி ஒலிபெருக்கி. காலி அடைப்புக்குறி. அன்றைக்கு அந்த வரிக்கு விளக்கம் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது கேள்விக்குறியை அமுக்கினாள். இரண்டு மூன்று வரிகள்தான். கடைசி வரி மற்றவற்றைப் போல இல்லை. சந்தேகமிருந்தால் ஆம் என்று போடவும்.

அவள் ஆம் என்று போட்டாள்.

கெர்னல் உருவாகி முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் வண்டி ஏறியது. எண்கள் ஆடி அடங்கின. பெட்டி மூன்று முறை கீச்சிட்டது.

"அய்ய, என்னக்கா இது?" என்றாள் முனீஸ்வரி. "காதக் கொடையுது. இத நிப்பாட்ட முடியாதா?"

"முடியும்."

"அப்ப நிப்பாட்டிருங்களேன்."

"மாட்டேன்" என்றாள் அனுசுயா.

அடுத்த வண்டி மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.